நாக்குப்பொட்டு

எங்கள் வீட்டில் அம்மா முதலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது, அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போன பிறகுதான். அதுவரை அவள் எப்போது சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று எங்களுக்குத் தெரியாது. அடுப்படியில் நின்றுகொண்டே எதையோ வாயில் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து, அப்பா தின்று முடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் சோற்றுப்பானைப் பக்கம் போவாள். அப்படிப்பட்டவளை மேசையில் உட்காரவைத்து, "நல்லா மென்னு தின்னுட்டி, அவசரப்படாத" என்று அப்பா கெஞ்சுகிற காலம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் தூத்துக்குடியே சிரித்திருக்கும்.

அப்பா பெயர் லூர்து. விசைப்படகு ஓட்டியவர். நாக்கு நீளம். கடலில் பிடித்த மீனையும் கூண்டில் வளர்த்த மீனையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விள்ளலில் பிரித்துச் சொல்லிவிடுவார். அந்த மனுஷனுக்கு வந்த சாப்பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். உப்பில்லாத சோறு. காய்களை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து மறுபடி கொட்டி, மிஞ்சிய சக்கையில் இரண்டு கரண்டி. தக்காளி கிடையாது, வாழைப்பழம் கிடையாது, இளநீர் விஷம். தண்ணீர்கூட அளந்துதான். செயற்கைச் சிறுநீரகம் வந்து வருடக்கணக்காகிவிட்டது, அப்பா பெயரும் வரிசையில் இருக்கிறது. வரிசைதான் நகரவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. வாயில் வைப்பார், மெல்லுவார், துப்பிவிடுவார். கன்னம் ஒட்டி, சட்டைக் கழுத்தில் இரண்டு விரல் போகிற அளவுக்கு மெலிந்துவிட்டார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டயாலிசிஸ் அழுக்கை எடுக்கும்மா. சாப்பாடு போடாது. ரத்தத்துல புரதம் இறங்கிக்கிட்டே போகுது. இவர் போனா சிறுநீரகத்தால போகமாட்டார், பட்டினியாலதான் போவார். எப்படியாவது சாப்பிட வைங்க."

அப்படித்தான் நாங்கள் நாக்குப்பொட்டு வைக்கிற இடத்துக்குப் போனோம். கம்பெனி அதற்கு என்னவோ பெரிய பெயர் வைத்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் அது நாக்குப்பொட்டுதான். அங்கே நஸ்ரீன் என்ற ஆலோசகர் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னாள்.

"ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தருபவர், ஒருத்தர் பெறுபவர். தருபவரோட நாக்குக்கு அடியில ஒரு மெல்லிய ஏடு ஒட்டுவோம், மூக்குக்குள்ள ஒண்ணு. பெறுபவருக்குக் காதுக்குப் பின்னால ஒரு பொட்டு. அவங்க மீன் சாப்பிட்டா, அந்த ருசியும் வாசமும் இவருக்குத் தெரியும். இவர் மெல்லுறது உப்பில்லாத சோறுதான். மூளை அதை மீன்னு நம்பிடும். வயிறு நிறைய சாப்பிடுவார்."

"யார் வேணும்னாலும் தரலாமா?" என்று கேட்டேன்.

"முடியாது. ஒரே அடுப்படிச் சாப்பாட்டுல ரொம்ப வருசம் பழகின நாக்கா இருக்கணும். இல்லைன்னா ருசி புரியாம குமட்டும். பெரும்பாலும் பொண்டாட்டிதான் வருவாங்க. புருஷன் பொண்டாட்டிக்காகத் தர வந்து நான் இதுவரைக்கும் பார்க்கல. விளம்பரப் படத்துல மட்டும் ஒருத்தர் இருக்கார்."

அவளே சிரித்துக்கொண்டாள். அப்பாவுக்கு என்னென்னவோ பரிசோதனை எழுதினாள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டதற்கு, "தருபவர் சாப்பிடத்தானே போறாங்க, அவங்களுக்குக் கம்பெனி எதுவும் கேக்கிறதில்ல" என்றாள். அம்மா வாயைத் திறந்து காட்டினாள். தன்னிடம் ஒருவர் இவ்வளவு நேரம் பேசியதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் நாள் பாரை மீன் குழம்பு. அம்மா எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அப்பா தன் சக்கைச் சோற்றை மென்றுகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். அழுதுகொண்டே குறை சொன்னார். நானும் அம்மாவும் சிரித்து, நாங்களும் அழுதோம். அன்று அவர் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அப்பா முகத்தைச் சுளித்தார்.

"ஏட்டி, இது என்ன துண்டு? முள்ளாக் குத்துது, சதையே இல்ல."

"வால் துண்டு. நான் எப்பவும் அதான் திம்பேன்" என்றாள் அம்மா.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டியிலிருந்து நடுத்துண்டு ஒன்றைத் தன் கையால் எடுத்து அவள் தட்டில் வைத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அப்பா அம்மாவுக்குப் பரிமாறி நான் பார்த்தது அன்றுதான். பரவாயில்லை, இந்த நோய் இவர்களுக்கு ஏதோ ஒரு நல்லதைச் செய்கிறது என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி.

அப்பா தேறினார். சட்டைக் கழுத்து மறுபடி பொருந்தியது. டாக்டர் தட்டிக்கொடுத்தார். ஆனால் நாக்கு நீளமானவருக்கு ருசி திரும்பினால் என்ன ஆகும்? காலையில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும். மத்தியானம் நண்டு, கணவாய். நாலு மணிக்குக் காரச்சேவு, மக்ரூன். ராத்திரி கருவாடு. எல்லாம் அம்மாதான் சமைக்க வேண்டும், அவளேதான் தின்ன வேண்டும். அவள் சட்டென்று விழுங்கிவிட்டால் அப்பாவுக்குப் போதாது. "இன்னும் கொஞ்சம் மெல்லு. ஊறுகாயைத் தொட்டுக்க. ரெண்டு கல் உப்பு போட்டுக்க, சப்புனு இருக்கு." அம்மா போட்டுக்கொள்வாள். அப்பாவின் உப்பையும் சேர்த்துத் தின்றாள். மிச்சம் வைத்ததை வேலைவிட்டு வந்து நான் தின்றேன். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை எனக்கு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கேட்டால், "நின்னுக்கிட்டே சமைக்கேன்லா" என்பாள். முட்டுவலிக்கு மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கி ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஆபீஸ் தலைவலிக்கு நானும் அந்த டப்பாவில்தான் கைவிடுவேன்.

அப்போது தவக்காலம் வந்தது. சாம்பல் புதனன்று கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பலோடு வந்த அம்மா, "இன்னையில இருந்து ஒருசந்தி" என்றாள். தவக்காலம் முடிகிறவரை ஒரு நாளைக்கு ஒருவேளைச் சாப்பாடு. சின்னப்பிள்ளையிலிருந்து அவள் விட்டதில்லை.

"அப்ப எனக்கு?" என்றார் அப்பா.

"மத்தியானம் நல்லாச் சாப்புடுதேன். மத்த நேரம் நீங்க ருசி இல்லாமச் சும்மா சாப்பிடுங்க. ஆண்டவருக்காவ."

அப்பா சும்மா சாப்பிடவில்லை. காலையில் தட்டைத் தள்ளினார், ராத்திரியும் தள்ளினார். ஒரு வாரத்தில் டயாலிசிஸ் கட்டிலில் மயங்கிவிட்டார். அம்மா பயந்துபோய்ப் பங்குச் சாமியாரிடம் ஓடினாள். நானும் கூடப் போனேன். அவர் நல்ல மனுஷர். யோசித்துத்தான் சொன்னார்.

"பிலோமினா, நோயாளிக்காவச் சாப்பிடுறதும் தவம்தாம்மா. இந்த வருசம் நீ சாப்பிடுறதுதான் உன் ஒருசந்தின்னு நெனச்சுக்க."

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பட்டினி கிடப்பதில் காட்டிய வைராக்கியத்தை எல்லாம் தின்பதில் காட்டினாள். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று வேளையும் சிலுவை போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒரு நாள் பின்கட்டில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, மறுபடி வந்து உட்கார்ந்து மிச்சக் கணவாயைத் தின்றாள். "வேண்டாம்மா" என்று நான் தட்டைப் பிடித்தேன். "விடுட்டி, ஒருசந்தியை முறிக்கக்கூடாது" என்றாள். தட்டை விட்டுவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து கொஞ்ச நாளில், அப்பா சாப்பாட்டின் நடுவில் முகத்தைச் சுளித்தார்.

"என்னட்டி இது, தகரத்தை நக்குன மாதிரி இருக்கு?"

அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் தின்று பார்த்தேன், குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நஸ்ரீனைக் கூப்பிட்டேன். வீட்டுக்கே வந்து ஏட்டை மாற்றி, பொட்டைக் கழற்றிச் சோதித்தாள்.

"கருவியில ஒண்ணும் இல்ல. அம்மா வாயில என்ன இருக்கோ அதுதான் அவருக்கு வருது. நம்ம வாய் ருசி நமக்குப் பழகிடும், தெரியாது. அடுத்தவருக்குப் பழகாதுல்ல? அம்மா, பல் ஏதாவது அடைச்சிருக்கீங்களா?"

அம்மா கடைவாயைக் காட்டினாள். பழைய அடைப்பு ஒன்று இருந்தது.

"அதுவா இருக்கலாம். பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்பவும் போகலைன்னா சொல்லுங்க."

பல் டாக்டரிடம் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அப்பா சொல்லிவிட்டார்: "சரியாயிட்டு. தகரமும் இல்ல, ஒண்ணும் இல்ல." அதன்பிறகு அவர் எதையும் குறை சொல்லவில்லை. புளி தூக்கல் என்றோ உப்பு குறைவு என்றோ ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிடும்போது அம்மா முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். வயதாகிறது, அடங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. ஆட்டோவைக் கூப்பிட்டு, அப்பாவைப் பார்க்கும் அதே டாக்டரிடம் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு சிறுநீரகமும் போயிருச்சும்மா. உப்பு, பிரஷர், இந்த வலிமாத்திரை எல்லாமாச் சேர்ந்து. கொஞ்ச மாசத்துக்கு முன்னால வந்திருந்தா தடுத்து நிறுத்தியிருக்கலாம். பசி இல்லாம, குமட்டலா இருந்திருக்குமே? வாயில தகரம் மாதிரி ஒரு ருசி வந்திருக்குமே? இந்த நோய்ல அது வரும்."

அம்மா வெட்கத்தோடு சிரித்தாள். "எனக்கு எங்க ருசி தெரியுது டாக்டர்? எல்லாம் அவுகளுக்குத்தான் தெரியும்."



அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசல் நாற்காலியில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார். விஷயத்தை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"யப்பா, உங்களுக்கு அந்த ருசி என்னன்னு தெரியும்."

நான் விடவில்லை.

"உங்களுக்கு முதல்ல நோவு வந்தப்ப, தண்ணிகூடத் தகரமா இருக்குன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீக! எனக்கு மறந்துட்டு, உங்களுக்கு மறக்குமா? அதே ருசின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் சரியாயிட்டுன்னு சொன்னீக."

"தெரிஞ்சுது" என்றார். மறுபடி சொன்னார். "தெரிஞ்சுதுட்டி."

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு உங்கம்மா பாரை மீன் வாங்கியிருந்தா, கடல் மீனு. அதை மட்டும் தின்னுட்டுச் சொல்லுவோம்னு நெனச்சேன். மறுநாள் நண்டு. அப்புறம்... சொன்னா நிப்பாட்டிருவீக. தகரத்துக்கு உள்ளேயும் கொஞ்சம் மீன் தெரிஞ்சுது ஜெசி. அது போயிருமேன்னு இருந்துது."

பிறத்தியார் யாராவது இப்படிச் செய்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். இவர் என் அப்பா. அவர் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் வெறுத்திருப்பேன்.

அம்மாவுக்கு ஏட்டைக் கழற்றினார்கள். அவளுக்கும் கழுத்தில் குழாய், டயாலிசிஸ். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கூட்டிப்போய் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைப்பேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அம்மா அவர் போர்வை விலகினால் என்னைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்வாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நான்தான் சொன்னேன். "ஆமா, அவுக அப்பிடித்தான், பசி பொறுக்கமாட்டாக" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன தீர்ப்பு.

சக்கைச் சோற்றை அம்மா மறுபேச்சில்லாமல் தின்றாள். அவளுக்கு அது ஒரு பெரிய வித்தியாசமாகவே தெரியவில்லை. அப்பா மறுபடி துப்ப ஆரம்பித்தார். செய்த காரியம் தொண்டையை அடைத்ததா, ருசி இல்லாததா, எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சட்டைக்கழுத்து மறுபடி தொளதொளத்தது. டாக்டர் அதே பேச்சை மறுபடி பேசினார். இந்தத் தடவை நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அம்மா விடவில்லை. "அந்த ஏட்டை நீ வச்சுக்கயேன்ட்டி. நீயும் இந்த அடுப்படியில வளர்ந்தவதான?"

"வைக்கேன். உனக்கு வைக்கேன். நான் திங்கேன், உனக்கு ருசி வரட்டும். அவருக்கு மாட்டேன்."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் சோறு இறங்குதே. அவுகளுக்கு இறங்கல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் தின்னதெல்லாம் வீணாப் போயிரக்கூடாது ஜெசி. அவுக செத்துட்டா நான் எதுக்குத் தின்னேன்?"

நாக்குப்பொட்டு வைக்கிற இடத்துக்குப் போனேன். நஸ்ரீன் என் நாக்குக்கு அடியில் ஏட்டை ஒட்டும்போது, "நல்லா யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறந்து வைத்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் மத்தியானம். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். எழுந்து உட்கார முடியவில்லை என்றாலும், கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். நான்தான் சமைத்தேன், எளிமையாக ஒரு நெத்திலிக் குழம்பு. அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் பொட்டு. முன்னால் அவருடைய தட்டு. என்னை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. நான் சோற்றைப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்து மென்றேன். குழம்பு நன்றாக வந்திருந்தது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

கண்ணை மூடினார். நாக்கை மேலண்ணத்தில் ஒரு தரம் வைத்து எடுத்தார். மீனை வாங்குகிறபோது செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அந்தக் கவனம் முகத்தில் வந்தது.

"இன்னொரு வாய் தின்னு" என்றார்.

தின்றேன். அவர் மெல்ல மெல்ல, மறுபடி மறுபடி சோதித்துப் பார்ப்பது தெரிந்தது. இல்லை என்று ஆகிவிடாதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். அம்மா கோயில் படியில் உட்கார்ந்துவிட்ட நாளிலிருந்து அவர் என்னை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா?"

அவர் கை காதுக்குப் பின்னால் போனது. பொட்டைப் பிய்த்து எடுத்து மேசைமேல், என் பக்கமாக வைத்தார்.

"நாளைக்குக் காலையில ரத்தம் சோதிச்சுட்டு வா" என்றார் மெதுவாக. "தள்ளிப்போடாத. நாளைக்கே."

என் வாயில் நெத்திலிக் குழம்பின் ருசி மட்டும்தான் இருந்தது. எவ்வளவு துழாவிப் பார்த்தும் தகரம் எதுவும் தட்டுப்படவில்லை.

உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ருசி வருதாங்க? சாப்பிடுதீகளா?"

அப்பா கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "வருதுட்டி. நல்லா வருது. பிள்ளை நல்லா வச்சிருக்கா."

"அப்ப தின்னுங்க, நிறையத் தின்னுங்க" என்றாள் அம்மா. நிம்மதியாக அவள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

அப்பா தன் தட்டை இழுத்துவைத்துக்கொண்டார். வெறும் சோற்றையும் அந்தக் காய்ச் சக்கையையும் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, வாயில் போட்டார். துப்பவில்லை. என்னைப் பார்த்தபடியே மென்றார், விழுங்கினார். பிறகு அடுத்ததை உருட்டினார்.